மருமக்கள் வழிக் கண்

ஷெர்லி மிஸ் எக்ஸ் குரோமோசோமைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் நடக்கும் மாலை வகுப்பு அது. மானிடவியல் அறிமுகம். பகலெல்லாம் எங்காவது வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நான் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பைப் கடையில் பில் போடுகிறேன். போட்டித் தேர்வுக்கு உதவும் என்று சேர்ந்தேன். மண்டையோட்டுப் படங்களைப் பார்த்த பிறகு தேர்வு மறந்துவிட்டது, பாடம் பிடித்துவிட்டது. புரிந்ததா என்பது வேறு விஷயம். எது நன்றாகப் புரிந்துவிட்டதென்று நினைக்கிறேனோ அதில்தான் வழக்கமாகக் கோட்டை விடுவேன். அதனால் மிஸ் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு போய், வீட்டில் மறுபடியும் வரிசைப்படுத்தி எழுதி வைப்பேன்.

மிஸ்ஸுக்கு என்னைவிட நான்கு வயது கூட இருந்தால் அதிகம். இராஜாக்கமங்கலம் கடற்கரைக்காரர். எங்கள் கொட்டாவிகளைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, முன்காலத்தில் நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி என்று ஒரு வழக்கம் இருந்ததே, அது யாருக்குத் தெரியும் என்று கேட்டார். பின்வரிசையில் இருந்த சுபின் தன் பாட்டன் வீட்டுச் சொத்து அப்படித்தான் கைவிட்டுப் போனது என்று வருத்தப்பட்டான்.

"அப்போ உனக்கு சட்டுன்னு வெளங்கும்," என்றார் மிஸ். "அப்பனுக்க சொத்து மகனுக்கு இல்ல. மாமனுக்க சொத்து மருமகனுக்கு, அக்கா தங்கச்சிக்க மகனுக்கு. நடுவுல ஒரு பொம்பள, அவ வழியாத்தான் போகணும். செவப்பு பச்ச தெரியாத கண்ணும் அப்படித்தான் போவும். சொத்துக்கு சட்டத்த மாத்திட்டாவ. எக்ஸ் குரோமோசோமுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லல."

எல்லோரும் விழித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் இப்படி எழுதிக்கொண்டேன். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து வருவது. அதில் குறை இருந்தால் மறைக்க வேறு ஆள் இல்லை. பெண்ணுக்கு இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். அவள் சுமப்பாள், அவளுக்கே தெரியாது. அவளுடைய மகன்களில் ஒவ்வொருவனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு பெண்ணுக்கே நிறம் தெரியாமல் போகவேண்டுமானால் அம்மாவும் சுமக்க வேண்டும், அப்பாவுக்கும் அந்தக் குறை இருக்க வேண்டும்.

பிறகு திரையில் புள்ளி அட்டைகளைக் காட்டினார். ரயில்வே, கப்பல், ராணுவம் என்று எங்கே போனாலும் கண் சோதனையில் நீட்டுவார்களே, வட்டம் நிறையப் பல நிறப் புள்ளிகளும் அவற்றுக்கு நடுவே ஒரு எண்ணும் ஒளிந்திருக்கும் அட்டைகள். ஒவ்வொன்று வந்ததும் வகுப்பே சேர்ந்து எண்ணைக் கத்தியது. நான் குனிந்து முதல் அட்டை இன்ன எண், இரண்டாம் அட்டை இன்ன எண் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்றைய வீட்டுப்பாடம், சொந்தக் குடும்பத்தில் ஏதாவது ஒரு பரம்பரை அம்சத்தை எடுத்து மூன்று தலைமுறைக்கு வம்சப் படம் வரைவது. பெரும்பாலானவர்கள் ஒட்டிய காது மடல், நாக்குச் சுருட்டல் என்று எளிதாக எடுத்தார்கள். எனக்குக் குமாரதாஸ் மாமா ஞாபகத்துக்கு வந்தார்.

அம்மாவின் தம்பி அவர். திற்பரப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரப்பரும் நல்லமிளகும் வைத்திருக்கிறார். நல்லமிளகு பறிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு: சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்க வேண்டும். மாமா எந்த வருஷமும் அதைச் சரியாகச் செய்ததில்லை. ஒன்று பச்சையாகவே உருவிக்கொண்டு வருவார், இல்லையென்றால் எல்லாம் பழுத்துப் பறவை தின்ற பிறகு ஏணி எடுப்பார். மடியன், அதாவது சோம்பேறி, என்று குடும்பத்தில் பெயர் வாங்கியிருந்தார். அந்த மடிக்குப் பின்னால் ஒரு குரோமோசோம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மிஸ்ஸிடம் அட்டைப் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கி, மறுநாள் மத்தியானம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போடக் கொடுத்தேன். பிரிண்டைக் கையில் தரும்போது அங்கிருந்த பெண், "அண்ணா, கலரு ஒருமாதிரி இருக்கு, பரவாயில்லியா?" என்று கேட்டாள். திரையில் பார்த்ததோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. லேமினேஷனும் செய்து வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் சக்கை வெட்டு, பலாப்பழத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர் சக்கை. வீட்டு முற்றத்தில் நாலைந்து சக்கை கிடந்தது. அம்மாவும் சித்தியும் அத்தையும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. சித்தியின் மக்கள் சபிதாவும் ஸ்ரீஜித்தும் வந்திருந்தார்கள். சத்தியராஜ் சித்தப்பா வரவில்லை. அரசு பஸ் டிரைவர் அவர். ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பு அருவிக்குக் கூட்டம் என்று ஸ்பெஷல் டூட்டி போட்டுவிட்டார்கள்.

முறைப்படி செய்ய வேண்டும் என்று நான் ஒரு நாற்காலியை நல்ல வெளிச்சத்தில் போட்டு, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி தள்ளி வைத்துக்கொண்டேன். முதலில் மாமா. அட்டையைத் தூரமாகவும் கிட்டேயும் பிடித்துப் பார்த்துவிட்டு, எண்ணா, இதில் எங்கே எண் இருக்கிறது, மணல் வாரிப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். எல்லா அட்டைக்கும் அதே பதில். எனக்கு ஒரே சந்தோஷம். மருமக்கள் வழியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்கக் கேட்க மாமாவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எழுந்து நேரே சக்கை வெட்டுகிற இடத்துக்குப் போனார்.

"முப்பது வருசமா என்ன மடியன் மடியன்னு சொன்னியளே. இது கண்ணாக்கும். சயன்ஸு. பயலு எழுதி வச்சிருக்கான்."

அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்போ மாட்டுக்கு வைக்கோலு போடாததும் கண்ணாலயா?" என்றாள்.

குரங்குகளின் முன்னோருக்கு எப்போதோ ஒரு மரபணு இரட்டித்ததால்தான் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியத் தொடங்கியது, இலைக்கு நடுவே பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க அது உதவியிருக்கலாம் என்று மிஸ் சொன்னதையும் மாமாவிடம் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, அப்படியென்றால் நான் குரங்குக்கும் முந்தின மாடலா என்று கேட்டார். அதிலும் அவருக்குப் பெருமைதான்.

அடுத்து ஸ்ரீஜித். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற கணக்குக்கு அதுவும் பொருந்தியது. சித்தி கொஞ்சம் பதறினாள். அவன் தோளைக் குலுக்கினான். ஜிம்மில் ட்ரெயினர் அவன். தூக்குகிற இரும்பெல்லாம் கறுப்புதான், கவலையில்லை என்றான்.

இரண்டு பேரோடு நான் நிறுத்தியிருக்கலாம். படத்துக்கு அது போதும். ஆனால் சபிதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சபிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒரு வயது சின்னவள். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, ரயில் இன்ஜின் ஓட்டும் வேலைக்கு, உதவி லோகோ பைலட்டுக்கு, எழுதி எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டாள். பாக்கி இருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும். வருகிற வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில். அந்த வேலைக்குக் கண் சோதனை மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமை. நிறத்தில் சின்னக் குறை இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். சித்தப்பா டெப்போவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தார். பஸ் ஓட்டுகிறவனுக்க மகள் ரயில் ஓட்டப்போறா என்று.

"எனக்கும் வை. வியாழக்கிழமைக்கு ஒரு பிராக்டீஸ்," என்றாள்.

முதல் அட்டையை நீட்டினேன். கிட்டே இழுத்துப் பார்த்தாள். இரண்டாவதை நீட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மூன்றாவதில் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இதுல நம்பர் இருக்கா?"

"இருக்கு. எழுபத்து நாலு."

"உனக்குத் தெரியுதா?"

எழுதி வைத்திருந்தது எனக்கு மனப்பாடம். விரலால் அந்தப் புள்ளிகளின் மேல் எழுபத்து நாலு என்று வரைந்து காட்டினேன். அவள் என் விரல் போன வழியைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தாள். வீட்டில் யாரிடமும், முக்கியமாக அப்பாவிடம், மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு மறுபடி சக்கை எடுக்கப் போய்விட்டாள். சுளையை எடுத்து எடுத்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து வம்சப் படத்தை வரைய உட்கார்ந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறை இருந்தால் உள்ளே கருப்பு. மாமாவின் சதுரத்தைக் கருப்பாக்கினேன். சித்தியின் வட்டத்தில் சுமப்பவள் என்பதற்கு ஒரு புள்ளி. ஸ்ரீஜித் கருப்பு. சபிதாவின் வட்டத்தில் பென்சிலை வைத்ததும் கை நின்றுவிட்டது. அவள் வட்டம் கருப்பானால் சித்தப்பாவின் சதுரமும் கருப்பாக வேண்டும். ஆனால் சித்தப்பா பஸ் டிரைவர். வேலைக்குச் சேரும்போது நிறச் சோதனை செய்துதான் எடுத்திருப்பார்கள்.

இதற்கு என்னென்ன விளக்கம் இருக்க முடியும் என்று ஒரு காகிதத்தில் எழுதினேன். முதலாவதாக எழுதியதை உடனே அடித்தேன். அடித்தது போதாதென்று காகிதத்தையே கிழித்தேன். சித்தியைப் பற்றி அப்படி ஒரு வரி என் கையெழுத்தில் இருந்தது என்று நினைக்கவே கூசியது. மிஞ்சியது இரண்டு: அபூர்வமான புது மாற்றம் ஏதாவது இருக்க வேண்டும், அல்லது நான் எங்கோ பிழை செய்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் என் வழக்கம். ஆனால் எவ்வளவு தேடியும் பிழை அகப்படவில்லை. நாற்காலி சரி, வெளிச்சம் சரி, எண்கள் சரி.

மறுநாள் காலை சபிதா கடைக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. அவளும் விடியும்வரை போனில் வாசித்திருக்கிறாள், அதே விதியை அவளும் கண்டுபிடித்திருக்கிறாள். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று தெரியாமல், அரை இன்ச் எல்போ எடுத்துக் கொடுக்கச் சொன்ன ஆளுக்கு முக்கால் இன்ச் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் வேறு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள்.

"அப்பாவுக்கும் கலரு தெரியாது, அண்ணே. மறச்சு வச்சிருக்காரு. கார்டுல உள்ள நம்பர எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருப்பாரு. இவ்வளவு காலமும் செவப்பு லைட்டா பச்ச லைட்டான்னு தெரியாமத்தான் ஓட்டியிருக்காரு."

என் மனதில் இருந்த அழுக்கோடு ஒப்பிட்டால் அவளுடைய பயம் எவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆனால் பயம் பெரியதுதான். அவள் வியாழக்கிழமை சோதனைக்குப் போய்த் தோற்றால், காரணம் கேட்பார்கள், பரம்பரை என்பார்கள், அப்பா டிரைவர் என்று தெரிந்தால் அவரையும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓய்வுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது அவருக்கு. அதனால் சோதனைக்கே போகப்போவதில்லை, வேலை பிடிக்கவில்லை என்று சொல்லிவிடப்போகிறேன் என்றாள். அவள் அந்த வேலைக்காகப் படித்த படிப்பை நான் அருகில் இருந்து பார்த்தவன்.

ஒரு சோதனையை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று மிஸ் சொல்லியிருக்கிறார், சித்தப்பாவையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்றாள். மத்தியானம் அரைநாள் லீவு போட்டேன்.

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் சித்தப்பாவின் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தோம். மகளைப் பார்த்ததும் அவருக்கு ஏகக் குஷி. தக்கலை தாண்டும்வரை சபிதா சும்மா இருந்தாள். பிறகு தொடங்கினாள்.

"அப்பா, முன்னால போற கார் என்ன கலரு?"

"செவப்பு. ஏன்?"

"சும்மா. அந்த லாரி?"

"பச்ச. தார்ப்பா நீலம்."

"அந்த அக்காவுக்க சாரி?"

சித்தப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். சாலையில் மட்டும்தான் கண் வைக்க வேண்டும் என்று கற்றவர், ஆனாலும் சொன்னார். செங்கல் நிறம், கரை அரக்கு. சுங்கான்கடை வருவதற்குள் ஒரு வீட்டு மதில், இரண்டு பைக், ஒரு கட்சிக் கொடி, ஒரு பூவரசம் பூ எல்லாம் ஆயிற்று. பூவரசம் பூ இன்று மஞ்சள், நாளை வாடினால் சிவக்கும் என்றுகூட விளக்கினார். பார்வதிபுரத்தில் சிக்னலுக்கு நின்றபோது பொறுமை போய்விட்டது.

"ஏட்டி, நீ ரயிலு ஓட்டப் போறியா, சாரி விக்கப் போறியா?"

கண்டக்டர் கிருஷ்ணமணி அண்ணன் சிரித்தார். சபிதா சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்பாவுக்கு நிறம் தெரிகிறது. அப்படியென்றால் தனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் தனக்குத் தெரியவில்லை. அவள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அதுதான் தவறாகப் போயிற்று.

"என்னல நெனச்ச நீ?" என்றாள், மெதுவாக.

நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றேன். என் காதைப் பிடித்துத் திருகினாள். பிறகு தன் காதோரத் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். காது தொடங்கும் இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு சின்னக் குழி. பிறகு முன்னால் கைகாட்டினாள். ஸ்டீயரிங் பிடித்திருந்த சித்தப்பாவின் காதிலும் அதே இடத்தில் அதே குழி. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும், பெரும்பாலும் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு நேராக வரும் என்று மிஸ் நடத்தியிருந்தார். எழுதி வைத்திருந்தேன். சொந்தக் குடும்பத்தில் இருப்பதைப் பார்த்ததில்லை.

"உனக்க அட்டைய எடு," என்றாள்.

வடசேரி பஸ் நிலையத்தில் பஸ் நின்று ஆட்கள் இறங்கிய பிறகு, சபிதா அட்டையை நேராக அப்பாவின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். மறைத்துச் செய்வதெல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பா கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"இதுல என்ன இருக்கு? கடல மாவு சிந்தின மாதிரி கெடக்கு."

இதே மாதிரி அட்டையில் டெஸ்ட் எடுத்துத்தான் தன்னை வேலைக்கு எடுத்தார்கள், அது பளிச்சென்று இருந்தது, இது என்ன இழவு என்றார். கிருஷ்ணமணி அண்ணன் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் இல்லை. பக்கத்து பஸ் டிரைவர் வந்தார். டீ கொண்டுவந்தவர் டம்ளர்களை வைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு ஆரஞ்சுப் பழக்காரம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்து, தேமல் போல இருக்கிறது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். வடசேரியில் அன்று ஒருவருக்கும் எழுபத்து நாலு தெரியவில்லை.

"நீ மட்டும் எப்படிப் படிக்க?" என்றாள் சபிதா.

வகுப்பில் எழுதி வைத்த எண்ணைத்தான் சொன்னேன் என்றேன்.

அன்று மாலை வகுப்புக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஷெர்லி மிஸ் என் லேமினேட் அட்டையைக் கையில் வாங்கிய உடனே சிரித்துவிட்டார். இதில் சிவப்பும் நீலமும் விழவில்லை, பிரிண்டரில் அந்த இரண்டு மையும் தீர்ந்திருக்கிறது, மொத்தமும் ஒரே மஞ்சளாக இருக்கிறது. இதில் யாராலும் ஒன்றையும் படிக்க முடியாது என்றார். தன் பெட்டியிலிருந்து அசல் புத்தகத்தை எடுத்து சபிதாவிடம் நீட்டினார். மிஸ் பக்கத்தைத் திருப்புவதற்குக் காத்திராமல் சபிதா கடகடவென்று வாசித்தாள். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, பிறகு அந்த எழுபத்து நாலும். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். யாரும் கேட்கவில்லை, அவளுக்கே வேண்டியிருந்தது. வாசித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே என் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

மிஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனீஷ், கடையில பிரிண்டு வாங்கும்போ பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். திரையில் இருந்ததோடு ஒப்பிட்டேன் என்றேன். அந்தப் பெண் கலர் ஒருமாதிரி இருக்கிறது என்று சொன்னதையும் சொன்னேன். மிஸ் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, வகுப்பில் காட்டாத ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"இது என்ன?"

நான் பார்த்தேன். வட்டம் இருந்தது. புள்ளிகள் இருந்தன, பெரியவை, சின்னவை. இன்னும் உற்றுப் பார்த்தால் வந்துவிடும் என்று தோன்றியது. வரவில்லை. அடுத்த பக்கம். அதிலும் இல்லை. மூன்றாவது பக்கத்தில் ஒரு எண் தெரிந்த மாதிரி இருந்தது, சொன்னேன். சுபின் வாயைப் பொத்திக்கொண்டான்.

குமாரதாஸ் மாமாவின் சொத்து சித்தியின் பக்கம் போகவில்லை. என் அம்மா வழியாக எனக்கு வந்திருந்தது. என்னைப் பற்றி எத்தனையோ சந்தேகம் எனக்கு உண்டு. பேச்சு வராது, ஞாபகம் போதாது, கையெழுத்து மோசம். கண்ணைப் பற்றி மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"மிஸ், இவனுக்கு மார்க்கு உண்டா?" என்று சுபின் கேட்டான்.

"உண்டு. நிறம் தெரியாத ஆளு நிறச் சோதனை நடத்தி, பிரிண்டு சரின்னு கையெழுத்தும் போட்டு, நிறம் தெரிஞ்ச ஊரையே ஃபெயிலாக்கியிருக்கான். இத வேற யாராலயும் செய்ய முடியாது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி. வீட்டில் சொன்னபோது அம்மா அசரவே இல்லை. காய்ந்த இலை நிறம் என்று நான் ஆசையாகப் போடும் சட்டை பச்சை என்பதை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், நீ கேட்டாயா என்றாள். மாமாவுக்குப் போன் செய்து, அசல் புத்தகத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். அவருக்குக் கவலை, எங்கே குறை இல்லை என்று வந்துவிடுமோ என்று. பார்த்ததில் குறை உறுதியானது. ஸ்ரீஜித்துக்கு ஒன்றும் இல்லை. மருமகன் தனக்குத் துணை வந்துவிட்டான் என்று மாமா எனக்கு ஒரு வாழைக்குலை கொடுத்தனுப்பினார். பழுத்ததா இல்லையா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அத்தை பார்த்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை திருவனந்தபுரத்துக்கு சபிதாவும் சித்தப்பாவும் போனார்கள். நானும் கூடப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனால் கடையில் உட்கார்ந்து பில் போட முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா உட்காரவே இல்லை. எங்காவது நின்றால் வலது கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது, பிரேக்கை அழுத்துவது போல. அசல் புத்தகத்தில் படித்துவிட்டாளே, பிறகு என்ன என்று அவரிடம் சொன்னேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ரத்த அழுத்தம், காது, தூரப் பார்வை என்று எத்தனையோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்க அவள் தூங்கியிருக்கவில்லை, அதற்குக் காரணம் நான். அதனால் அழுத்தம் கூடியிருந்தால்?

சபிதா வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஃபிட்," என்றாள். "எல்லாத்துலயும். பசிக்குது."

சித்தப்பா திரும்பி நின்று, போனை எடுத்து டெப்போவுக்குப் பேசினார். வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஒரு நர்ஸ் வந்து மெதுவாகப் பேசச் சொன்னார். அவரிடமும் விஷயத்தைச் சொன்னார்.

சாப்பிட்டுவிட்டு மத்தியான பாசஞ்சரில் திரும்பினோம். குழித்துறைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரமாக வண்டி நின்றுவிட்டது. நிற்க நிற்கப் பெட்டியில் புழுக்கம் கூடியது. எதிர் இருக்கைக்காரர் ஒருவர், மீன் பெட்டி கொண்டுபோகிறவர், டிரைவரைத் திட்டத் தொடங்கினார். இறங்கிப்போய் சாயா குடிக்கிறானோ, தூங்கிவிட்டானோ, பொழுதுக்கும் இதே கதைதான் என்றார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். சித்தப்பாவும், இதுவே பஸ்ஸாக இருந்தால் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

சபிதா வாசலுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவில் முன்னால் எட்டிப் பார்த்தாள். அங்கிருந்தே எங்கள் எல்லோரையும் பார்த்து,

"செவப்பு கெடக்கு. பின்ன எப்படி எடுப்பாவ? டிரைவர எதுக்குத் திட்டுகிய?" என்றாள். நீ யாரு, ரயில்வேக்காரியா என்று மீன் பெட்டிக்காரர் கேட்டார். "ஆமா," என்றாள் அவள்.

நானும் எழுந்துபோய் அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். தூரத்தில், மரங்களுக்கு நடுவே, ஒரு வெளிச்சம் தெரிந்தது. என்ன நிறம் என்று ஊகிக்க முயலவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மஞ்சள் விழுந்தாச்சு, இனி மெள்ள எடுப்பாவ," என்றாள். பெட்டியில் இருந்தவர்கள் இன்னும் நம்பாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, முன்னால் ஹார்ன் கேட்டது, வண்டி மெதுவாக நகர்ந்தது.